இலைக்கு என்ன தெரியும்?

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. ஐயையோ, அவ்வளவு இல்ல! போலீஸ் பிடிச்ச மாதிரி ஆயிடும்" என்று வாடிக்கையாளரை அதட்டிக்கொண்டே ஸ்டுடியோக்காரர் ஒரு பூண்டு கேப்சூலை வாயில் போட்டுக்கொள்கிறார். விளக்கைத் திருப்பும் சாக்கில் இன்னொன்று: ஞாபகசக்திக்கு, ஏதோ மரத்து இலைச் சாறாம். மஞ்சள் கேப்சூல் முட்டிவலிக்கு. விழுங்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் ஒன்று. ஞாபகசக்திக்கானது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை போலும்.

படம் எடுக்க வருகிறவர்களின் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் கேட்காமலேயே அழித்துவிடுவார். "கடவுள் அவசரத்துல பண்ணதை நான் நிதானமா சரி பண்றேன்" என்பார். இவர் சரி பண்ணியதால் ஒருவர் விமான நிலையத்தில், மூக்கிலிருக்கும் மச்சம் படத்தில் எங்கே போனது என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் ஸ்டுடியோக்காரர் காலில் ரத்தம் உறைந்து கட்டியானது. மறுபடி உறையாமலிருக்க டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். ஒவ்வொரு தடவையும் கேட்பார், "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சேச்சே, இல்லீங்க."

பொய்யில்லை. அவர் அகராதியில் மருந்து என்றால் டாக்டர் கிறுக்கித் தந்திருக்க வேண்டும். இது வெறும் பூண்டு, இலை, மஞ்சள்.

"ஆடு இலையைத் தின்னுட்டு டாக்டர்கிட்டயா ஓடுது? இலைக்கு என்ன தெரியும், பாவம்!" என்பார் மனைவியிடம்.

"ஆடு ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்குதா?"

பதில் தேடுவதற்குள் எவராவது பாஸ்போர்ட் படத்துக்கு வந்து அவரைக் காப்பாற்றிவிடுவார்.

பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் மேல் பழியைப் போட்டு, புது பிரஷ் வாங்கினார். போன வாரம் வெளியூர் மகளுக்கு அனுப்பத் தன்னையே ஒரு படம் எடுத்தார். திரையில் பார்த்தால் முழங்கைக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவில்லை. கை தன் பாட்டுக்கு மவுஸை நகர்த்தியது. திட்டு போயே போய்விட்டது.

"கைல இருந்தது எங்க?" முதுகுக்குப் பின்னால் மனைவி.

"அதுவா? லைட் பிரச்சினை."

மனைவி அவர் சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினார். ஒன்றுக்கு மூன்றாக இருந்தன. "எங்க, இங்க அழிங்க பாக்கலாம்!"

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மனைவி பையைக் கவிழ்த்ததும் பாட்டில்கள் மேஜையில் உருண்டன.

"இதெல்லாம் என்னது? மருந்து இல்லைன்னீங்க?"

"இதெல்லாம் மருந்தாங்க?"

"ரத்தம் உறையக் கூடாதுன்னு நான் ஒரு மாத்திரை தரேன். நீங்க அதே வேலைக்கு இன்னும் மூணு பேரை வச்சிருக்கீங்க. இப்ப தோலுக்கு அடியில கசியுது. மூளையில கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

ஸ்டுடியோக்காரர் தாராள மனதோடு ஒரு சமரசம் சொன்னார். "அப்ப உங்க மாத்திரையை விட்டுடறேன்."

"கும்பிடறேன், அதை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க! ரத்தக்கட்டி திரும்ப வந்து நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். அளவை நான் பாத்து மாத்தறேன். இனிமே இலை, வேர், பொடி எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு வாயில போடுங்க."

"சரி" என்று எழுந்தார். மனைவி முன்னால் போக, கதவு வரை போனவர் தயங்கினார். திரும்பி வந்து, சட்டையின் உள்பையிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு குட்டி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். லேபிளில் வெளிச்சம் சரியாக விழவில்லை. டாக்டரம்மா படிக்க வாகாக, அதைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தார்.