எந்த ஷிப்ட்?

சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே, எங்கள் தங்கச் சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸிலிருந்து கோரமண்டல் பக்கமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். கூடவே மேக்கப் போடும் அக்கா. எங்கள் படப்பிடிப்புக் கம்பெனி அன்று காலைதான் ஊரைவிட்டுப் போயிருந்தது.

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஓசூர், திருப்பத்தூர், சித்தூர் என்று அலைந்தவன் நான். ஓட்டலில் தண்ணீர் பிடித்தேன், லாரியில் படுத்தேன். ஒரே வேலையில் இரண்டாவது தீபாவளி கண்டது இந்தக் கம்பெனியில்தான். கேபிள் இணைப்பு கொடுத்துவந்த ஓர் அண்ணன், கல்யாணங்களையும் மாதா தேர்பவனியையும் படம்பிடித்துத் தொடங்கிய கம்பெனி அது. பிறகு ஒரு சுரங்கக் குடும்பத்தின் கதையைக் கன்னட சீரியலாக எடுத்தார். எங்கள் கன்னடத்தில் தமிழ் வாடை அடித்தது. அதை இயல்பான நடிப்பு என்று பெங்களூரில் பாராட்டினார்கள். நான் விளக்குப் பிடிப்பேன், வண்டி ஓட்டுவேன், பிணம் தேவைப்பட்டால் படுப்பேன்.

பெங்களூர் கம்பெனி ஒன்று எங்களை வாங்கியது. எல்லாரையும் தங்களோடு சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அண்ணன் கேக் வெட்டினார். அந்த வாரமே அண்ணனுக்கு அங்கிருந்து போன் வந்தது: திங்கட்கிழமை யூனிட் ஷிப்ட்.

"இன்னாண்ணா, எந்த ஷிப்டுன்னு கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"ஷிப்டுன்னா ஷிப்டுதான், இதுல இன்னா கேக்கறது? எல்லாரும் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கே வந்துடுங்க."

அப்பன் பாட்டன் எல்லாரும் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தே வாழ்ந்த ஊரில், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் கேரியரோடு போய் நின்றோம். கேமராக்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஆபீஸை பெங்களூருக்கு மாற்றுவதைத்தான் அப்படிச் சொன்னதாகப் புது மேனேஜர் கன்னடத்தில் விளக்கினார். விரும்புகிறவர்கள் அங்கே வரலாம், ஆனால் பழைய வேலை இருக்காது. அண்ணனுக்கு ஆலோசகர் பதவி. நாற்காலியும் லாரியில் ஏறிவிட்டதால் வாழ்த்துகளை நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார்.

"நான் போனா புள்ளைங்கள யார் பாக்கறது?" என்றார் அக்கா, ஸ்டேஷன் பக்கம் பிரியும்போது. "நீ ஒண்டிக்கட்டை. உனக்கு இன்னா, போ."

மறுநாள் காலை ரயிலில் பெங்களூருக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளை ஒட்டுப்பலகையில் கட்டிவைத்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளாக நடிக்க வந்தவர்களின் சட்டைகள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன. எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த வேறொரு மேனேஜர் என்னிடம் ஒரு டப்பா காப்பித்தூளைக் கொடுத்தார். கேமரா ஓடுமுன் அந்தச் சட்டைகளில் தேய்த்து அழுக்காக்க வேண்டும். அந்த வேலையில் சேர்ந்தேன்.