ஆயிரம் பேரும் வாசலிலேயே நின்றார்கள்

வெலிமடைச் சந்தியில் உருளைக்கிழங்கு லொறிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றிருந்தபோது பாரூக் அண்ணன் அழைத்தார். பண்டாரவளையில் நாங்கள் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் அவருடையது. "புஷ்பா, வாணி இல்லையாம்" என்றார். கடைசி மாதங்களில் அவள் பட்ட பாட்டை, அவளோடு பழகிய நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜெயித்த வாணியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் கலைவாணி. ஓர் இணையத்தளம் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்று, அதைத் திறப்பதற்கு முன்பே சோதித்துச் சொல்வது அவள் வேலை. நிஜ மனிதர்களுக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்ட் ஆயிரம் பேராக நடித்துத் தளத்துக்குள் நுழையும். அவள் ஸ்கிரிப்ட் எழுதுவாள். நான் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வேன்.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் விண்ணப்பத் தளத்தைச் சோதிக்கும் வேலை எங்களிடம் வந்தது. முந்தைய ஆண்டு, விண்ணப்பம் திறந்த காலையிலேயே அந்தத் தளம் முடங்கிவிட்டது. சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறி நின்ற பிள்ளைகளுக்குப் பக்கம் திறந்தபோது, முதலில் நுழைந்தவர்களோடு இடங்கள் முடிந்திருந்தன. வாணியின் தங்கை சுமதியும் அந்த மலையில் நின்று ஏமாந்து இறங்கியவள்தான்.

எங்கள் முதல் சோதனை அமர்க்களமாக முடிந்தது. ஆயிரம் பேர், ஒரு பிழைகூட இல்லை. பாரூக் அண்ணன் எல்லோருக்கும் பிளேன்டீயும் ரோல்ஸும் வரவழைத்தார். வாணி மட்டும் திரையை விட்டு எழும்பவில்லை.

"இவ்ளோ பெரிய படிவம், இத்தன வேகமாவா முடியும்? புஷ்பா, ஒன் பக்கம் எத்தன விண்ணப்பம் விழுந்திருக்குன்னு பாரு."

பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

தளத்துக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் சர்வர் ஓர் அடையாளக் குறியீட்டைக் கொடுக்கும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அது மாறும். எங்கள் ஸ்கிரிப்டோ, மாதிரிக்காக வாணி ஒருமுறை உள்ளே போய்ப் பதிவு செய்த நாளில் கிடைத்த ஒரே பழைய குறியீட்டை ஆயிரம் பேர் கையிலும் கொடுத்து அனுப்பியிருந்தது. சர்வர் எல்லோரையும் நுழைவுப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தப் பக்கம் ஒழுங்காகத் திறந்ததால், சோதனைக் கருவி அதை வெற்றி என்று எழுதிக்கொண்டது.

"நேத்து எடுத்த டிக்கெட்ட காட்டி இன்னைக்கு ரயில் ஏறப் பாத்திருக்கோம் அண்ணே" என்றாள் வாணி. "ஆயிரம் பேரும் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டாங்க."

"நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணுமே தங்கச்சி. என்ன சொல்றது?"

"இன்னும் சோதிக்கலன்னு சொல்லுங்க. அதானே உண்மை."

அவர் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, நிலையத்துக்கு அழைத்து அப்படியே சொன்னார். வேலை கைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் ஒரு வாரம் தவணை தந்தார்கள்.

வாணி ஸ்கிரிப்டைத் திருத்தினாள். சர்வர் தரும் பதிலிலிருந்து ஒவ்வொருவரின் குறியீட்டையும் பிடித்து, அவரவருடைய அடுத்த கோரிக்கையில் வைத்தாள். அப்போதும் விண்ணப்பம் விழவில்லை. ஒரே ஆளாக இரண்டு முறை நுழைந்து, வந்த பதில்களை அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொரு மாறும் குறியீடு ஒளிந்திருந்தது. "ரெண்டு தடவ ஒரே மாதிரி போய்ப் பாரு. எது மாறுதோ அதுதான் நம்ம ஆளு" என்பாள். அவளோடு வேலை செய்த நீங்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதையும் பிடித்த பிறகு என் திரையில் முதல் விண்ணப்பம் விழுந்தது. பிறகு பத்து, நூறு. இருநூறைத் தாண்டியதும் தளம் அப்படியே படுத்துவிட்டது. நாங்கள் திகைத்து நிற்க, வாணி கைதட்டிச் சிரித்தாள்.

"இப்பதான் உள்ள போயிருக்கோம். திறக்குற அன்னைக்கு விழ வேண்டியது இன்னைக்கே விழுந்துருச்சு."

தளத்தைக் கட்டியவர்கள் பழுதைத் தேடிச் சரிசெய்தார்கள். அவள் மறுபடி ஆயிரம் பேரையும் ஏற்றினாள், அது மறுபடி விழுந்தது, மறுபடி திருத்தினார்கள். தவணை முடிவதற்குள் ஆயிரம் விண்ணப்பங்களும் என் திரையில் ஒழுங்காக வந்து நின்றன.

விண்ணப்பம் திறந்த காலை வாணி அலுவலகம் வரவில்லை. தன் தோட்டத்துக்குப் போய், சுமதியோடும் மற்றப் பிள்ளைகளோடும் அதே மலை உச்சியில் நின்றாள். இங்கே நாங்கள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. விண்ணப்பங்கள் மழையாகக் கொட்டின. தளம் அசையவில்லை. பாரூக் அண்ணன் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். சுமதி இப்போது அந்த நிலையத்தில் மின்னியல் படிக்கிறாள்.

அன்று வாணி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "சுமதிக்கு விண்ணப்ப நம்பர் வந்துருச்சு புஷ்பா. இங்க நிக்கிற எல்லாருக்கும் வருது" என்று சொல்லிவிட்டு, பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். காற்று இரைகிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் மேலாக வாணியின் குரல் கேட்கிறது:

"அடுத்தது யாரு? ஃபோன இங்க குடு."

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் குரலைத்தான்.