அக்காவுக்கு முன்னால் அடித்த கோல்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எனக்கு வாய் பெரிது. மைதானத்தில் நான் கத்துவது மேலே மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். கேட்கத்தான் செய்யும்.

பத்து வயதுப் பையன்களுக்கு அவரவர் இடத்தில் நிற்பது என்பது மண்டையில் ஏறாது. பந்து போகிற பக்கமெல்லாம் அத்தனை பேரும் ஓடுவார்கள், சில நேரம் கோல் காக்கிறவனும் சேர்ந்து. அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு விஷயம் சொன்னால் போதும். பதினேழு வயதுக்காரர்களுக்கு எல்லாமே தெரியும், என்னைவிட நன்றாக. இரண்டு ஏச்சு விழுந்தால்தான் கால் அசையும். மறு நிமிடமே மறந்துவிட்டுச் சிரிப்பார்கள்.

இதே வாயோடுதான் பெண்பிள்ளைகள் அணியையும் எடுத்தேன். இரண்டு வருடத்தில் ஒரு போட்டியும் வெல்லவில்லை. இந்த முறையும் தோற்றால் அணியே வேண்டாம் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

முன்வரிசையில் பதின்மூன்று வயதுச் சின்னவள் ஒருத்தி. அவள் காலில் பந்து இருந்தால் யாராலும் பறிக்க முடியாது. ஆனால் கோலுக்கு முன்னால் வந்ததும் நின்று, பின்னால் வருகிற அணித்தலைவிக்குப் பந்தைக் கொடுத்துவிடுவாள். தலைவி அவளுடைய பெரியப்பா மகள், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பக்கத்து வீடு. பந்து கைமாறுவதற்குள் எதிரணி வந்து சூழ்ந்துவிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"அக்கா இருக்கையில நான் எப்படிங்க சேர் அடிக்கிறது?" என்றாள்.

ஏசியது ஒருத்தியை. மறுநாள் பயிற்சிக்கு ஒருத்திகூட வரவில்லை.

லயத்துக்குப் போனேன். மைதானத்தில் அக்கா தங்கச்சி கிடையாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகட்டும் என்று விளக்கினேன். சின்னவளின் அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "அது சரிப்படாதுங்க சேர். மரியாதைய விடச் சொல்லாம வேற வழி பாருங்க," என்றார்.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதனால் சின்னவளைக் கோல் அடிக்கப் பழக்கும் பொறுப்பைத் தலைவியிடமே விட்டேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு மாதம் அக்காவும் தங்கச்சியும் மைதானத்தின் மறுகோடியில் பந்தோடு மல்லுக்கட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பயிற்சி எடுத்ததில்லை.

பதுளையில் போட்டி. முடிய இரண்டு நிமிடம் இருக்கும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. சின்னவள் மூன்று பேரைத் தாண்டி வந்தாள். கோலுக்கு முன்னால் தலைவி, வேண்டுமென்றோ தெரியாமலோ, நேராக அவள் வழியில் நின்றிருந்தாள். சின்னவள் நின்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள்.

அக்கா தள்ளி நின்றாள். பந்து வலைக்குள் போனது. வெட்கமில்லாமல் அழுதேன். பதினெட்டு வருடத்தில் நான் பழக்கிய எந்தப் பையனும் அவ்வளவு மரியாதையாக ஒரு கோல் அடித்ததில்லை.