பதினோரு முதல் பாடங்கள்

என் தங்கச்சிக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். தைத்து வரும் சட்டையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் நூற்றுக்கு நாலு சட்டையை அனுப்பினால் இவள் பத்தை அனுப்புவாள். கல்யாண விஷயத்திலும் அப்படித்தான். மூன்று மாப்பிள்ளைகளுக்குக் குறை சொல்லிவிட்டு நாலாவதாக வந்த லாரி ஓட்டுநருக்கு எப்படிச் சம்மதித்தாளோ தெரியாது. அவர் மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பவர். நின்று குறை பார்க்க நேரம் கிடைத்திருக்காது.

நான் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், பூட்ட மறந்துபோகும் ஒரு கல்லாப்பெட்டி. அவள் வீடு இரண்டாவது மாடியில். பெரியவள், சின்னவள் என்று இரண்டு பெண் பிள்ளைகள். தங்கச்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள்.

பெரியவளுக்கு ஏழு வயதானபோது பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவளை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். பிள்ளைக்கு வாய் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டார். மறுநாளிலிருந்து காலையில் சீருடையைப் பார்த்தாலே வாந்தி. ஒரு மாதத்தில் பிள்ளை பாதியாகிவிட்டாள். தங்கச்சி வேலையை விட்டாள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள், "இனிமே உன்னை அங்க அனுப்பவே மாட்டேன்" என்று அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்க்கா. பயத்துல வாய் வரல, அவ்வளவுதான்" என்றாள் என்னிடம்.

வீட்டில் வைத்துச் சொல்லித்தரலாம், தடையில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒன்பது வயதானதும் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார். தேறவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதுவும் வயதைப் பார்க்காமல், எந்த வகுப்புக்குத் தேறுகிறாளோ அந்த வகுப்பில். இது இரண்டு வருடம் முன்பே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே பாடத்திட்டம் தேடத் தொடங்கினாள். வீட்டுக்கல்விக்கென்று புத்தகம் போடுகிறவர்கள் முதல் பாடத்தை மட்டும் இணையத்தில் இலவசமாக வைத்திருப்பார்கள். பிடித்திருந்தால் மீதியை வாங்கிக்கொள்ளலாம். அவள் அந்த முதல் பாடத்தை என் கடைக்கு அனுப்புவாள், நான் அச்செடுத்துப் பைண்ட் போட்டுத் தருவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை முழுக்க உரக்கப் படிப்பாள். காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சின்னவள் அவள் மடியில், பெரியவள் எதிர் நாற்காலியில். மறுநாள் காலையில் பெரியவளை வாசிக்கச் சொல்வாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசிப்பாள் பிள்ளை.

"ரொம்ப சுலபமா இருக்குக்கா. இதுல இவ என்ன கத்துக்கப் போறா?" என்பாள். சுலபம் ஒரு குறை. அது போக எறும்புக்கு எட்டுக் கால் வரைந்திருப்பார்கள், கடிகாரப் படத்தில் சின்ன முள் இருக்காது, கழித்தலைக் கூட்டலுக்கு முன்னால் வைத்திருப்பார்கள். பழைய வேலையிலிருந்து எடுத்து வந்த சிவப்பு அம்புகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி அலமாரியில் தள்ளிவிட்டு அடுத்ததைத் தேடுவாள். தலைகீழாக நின்றாலும் எந்தப் புத்தகமும் அவளிடம் இரண்டாம் பாடத்துக்குப் போகவில்லை.

"உன் பிள்ளைங்க கல்யாண வயசு வர்றவரைக்கும் முதல் பாடமே படிப்பாங்க போல" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. தப்பான புத்தகத்தில் பிள்ளையை மாட்டிவிட்டால் மறுபடியும் அதே கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஏழாவது புத்தகமோ எட்டாவதோ, பைண்ட் போடும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே பக்கங்களை அடுக்கியதில் இரண்டு தாள் இடம் மாறிவிட்டது. படம் இல்லாத, வெறும் எழுத்துப் பக்கங்கள். நான் கவனிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துப்போகப் பெரியவள் வந்திருந்தாள். முந்தின நாளே அம்மா கணினித் திரையில் பார்த்து அதைப் படித்துக் காட்டியாயிற்று. கடையில் கூட்டமில்லை. "வாசி, கேட்போம்" என்று ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

ஆமை ஒன்று வெயிலில் நடப்பதை அழகாக வாசித்தாள். ஏற்ற இறக்கம் அப்படியே என் தங்கச்சியின் குரல். பக்கத்தைத் திருப்பினாள். ஆமை குளத்துக்கு வந்து சேர்ந்ததை வாசித்தாள், விரல் வரிக்குக் கீழே ஒழுங்காக நகர்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் குளமும் இல்லை, ஆமையும் இல்லை. விதை எப்படி முளைக்கிறது என்று இருந்தது.

"இது என்ன எழுத்துடா கண்ணு?" என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா" என்றாள். "சொன்னா பள்ளிக்கூடம் அனுப்பிருவாங்க."

ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அவளுக்கு மனதில் நின்றுவிடும். ஒன்றரை வருடமாக அதை வைத்தே ஓட்டியிருக்கிறாள். எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுதாள். நான் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அப்போது ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஏழு மாதம் இருந்தது.

நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன தைரியத்தில் நினைத்தேனோ. மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது வீணான தாள்களின் பின்பக்கத்தில் பெரிது பெரிதாக எழுதிக் காட்டினேன். மூன்று வாரத்தில் பன்னிரண்டு எழுத்து வந்தது, அதில் நாலு மறுநாள் போனது. அப்புறம் தேர்வுக் காலம் வந்துவிட்டது, கடை வாசலில் கூட்டம், மூச்சுவிட நேரமில்லை. ஆறப்போட்டேன். கூட்டம் குறைந்த பிறகும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. தங்கச்சி ஒன்பதாவதை அனுப்பினாள், பத்தாவதை அனுப்பினாள், ஒவ்வொன்றையும் நான் பைண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தநாள் வந்து போனது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பெண்மணி நல்ல மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், பிள்ளைகளிடம் மெதுவாகப் பேசினார். தங்கச்சி மேசை மேல் பதினோரு புத்தகத்தையும் அடுக்கி வைத்திருந்தாள். தைரியத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

"இதுல எதை நடத்துறீங்கம்மா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"இன்னும் முடிவு பண்ணல மேடம்."

அவர் மேலே இருந்ததை எடுத்துப் பெரியவளிடம் கொடுத்தார். அருமையாக வாசித்தாள். தங்கச்சி முகத்தில் இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி. பிறகு அவர் தன் பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நாலே வரி.

பெரியவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "நீங்க ஒரு தடவை படிங்கம்மா" என்றாள்.

"நீயே படிம்மா. சின்னதுதானே" என்றாள் தங்கச்சி.

"நீங்க படிச்சாதானே நான் படிக்க முடியும்."

சின்னவள் நாற்காலி மேல் ஏறி அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியை வாசித்தாள். ஐந்து வயது. அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அம்மா உரக்கப் படித்த நாளெல்லாம் மடியில் இருந்தபடி அவள் எழுத்தைப் பார்த்திருக்கிறாள். எதிர் நாற்காலியில் இருந்தவள் அம்மா முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி பெரியவளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" "பெரியம்மாவுக்குத் தெரியும்" என்றாள் பிள்ளை.

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "எத்தனை மாசமா?"

"ஏழு."

"ஏழு மாசம்" என்றாள். "ஏழு மாசத்துல நான் சொல்லிக் குடுத்திருப்பேன்க்கா."

ஏழு மாதத்தில் நீ இன்னும் நாலு புத்தகத்தைத் தள்ளிவிட்டிருப்பாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை. அவள் பிள்ளை அது, அந்த ஏழு மாதத்தை எடுத்து வைத்துக்கொண்டது நான். தங்கச்சி கதவை அறைந்து சாத்தவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தனியாகக் கடைக்கு வந்தாள். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையை லேமினேட் செய்ய அம்மா அனுப்பியிருந்தாள். பெயருக்குக் கீழே முதல் வகுப்பு என்று எழுதியிருந்தது. மெஷின் சூடாகும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். அதே ஸ்டூல் இருந்தது, உட்காரவில்லை.

"பெரியம்மா, அங்க டீச்சர் முதல்ல படிச்சுக் காட்டுவாங்களா, இல்ல நேரா என்னைப் படிக்கச் சொல்வாங்களா?"

"படிச்சுக் காட்டுவாங்கடா" என்றேன். "ரெண்டு தடவை படிச்சுக் காட்டுவாங்க."

"அப்ப சரி" என்று அட்டையை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.