சன்னம் எங்கே நிற்கிறது?

எக்ஸ்றே எடுப்பவனிடம் முன்பெல்லாம் "எலும்பு முறிஞ்சு போச்சோ?" என்று கேட்பார்கள், எண்பத்தைந்தாம் ஆண்டுக்குப் பிறகு யாழ்ப்பாண ஆசுபத்திரியில் துவக்குச் சூடு பட்டு வந்தவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் "சன்னம் உள்ளையோ, வெளியாலை போட்டுதோ?" என்றுதான். நான் துவக்கைக் கையால் தொட்டதே இல்லை. ஆனாலும் வந்தவர் போனவர் எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஆயுத நிபுணன் ஆக்கிவிட்டார்கள். சனத்தோடு மாரடிக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

குட்டைக் குழல்

குருநகர்க் கடற்றொழிலாளி அந்தோனிப்பிள்ளை, சந்தையடியில் சூடுபட்டு வந்தார். தொடையில் புகுந்த சன்னம் எலும்பைத் தொடாமல் சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. சுட்டவன் வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான் என்றார்.

"அதுதான் தப்பினனீர்" என்றார் எங்கள் சத்திரசிகிச்சை டொக்டர் சிவநேசன். துவக்கில் ஒரே ரவையைப் போட்டாலும், குழல் நீளமென்றால் வெடிமருந்து எரிந்து தள்ள இடம் கிடைக்கும். சன்னம் வேகம் பிடிக்கும். குட்டைக் குழலில் அது வேகம் பிடிக்க முன்னமே வெளியே வந்துவிடுமாம். அந்தோனிப்பிள்ளை வலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "மாதாவே, அவனுக்கு நீளத் துவக்கு வாங்கிற வசதியை ஒருநாளும் குடுத்திடாதை!"

எது பெரிசு?

உடுவில் தோட்டக்காரர் கந்தையரும் கொக்குவில் கடைக்காரர் செல்லத்துரையும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கைத்துப்பாக்கிச் சூட்டில் அகப்பட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். படத்தில் கந்தையரின் சன்னம் பெரிதாகத் தெரிந்தது. வாட்டில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சன்னம் பிலிமுக்குத் தூரத்தில் இருந்தால் பெரிதாகத்தான் விழும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

இரண்டையும் வெளியே எடுத்த பிறகு பார்த்தால், அகலம் ஒன்றுதான். மருந்துத் தராசில் வைத்தபோதோ செல்லத்துரையின் பக்கம் தாழ்ந்தது. அவருடையது நீளம் கூட. கைத்துப்பாக்கியில் வாயகலம் ஒன்றாக இருந்தாலும் சன்னத்தின் பாரம் வேறுபடும், பாரம் கூடினது கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் ஆழமாகப் போகும் என்றார் டொக்டர். செல்லத்துரை மீசையைத் தடவினார். கந்தையர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "பாரத்தை நீர் வைச்சிரும் தம்பி. நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை போறது நான்தான்!"

குளிர்

பவானி ரீச்சர் பருத்தித்துறையில் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குபவர். முதுகெலும்பை ஒட்டிக் கைத்துப்பாக்கிச் சன்னம்; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றருக்கு எண்ணெய் தேடிப் பிடித்துத்தான் படம் எடுத்தோம்.

டொக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நீளத் துவக்கின்ரை வேகத்திலை வந்திருந்தால் சுத்துவட்டாரத்தையே குலைச்சிருக்கும். இது மெதுவாய் வந்து பக்கத்திலை நிண்டிட்டுது. நரம்பு அறேல்லை, அதிர்ந்துதான் போச்சுது எண்டு நம்புறன். கை வைக்காமல் பொறுத்துப் பாப்பம்." 'நம்புறன்' என்ற அந்த ஒரு சொல்லை ரீச்சரின் கணவர் பிடித்துக்கொண்டார். கட்டிலடியில் இருந்து மனைவியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

சில வாரங்கள் கழித்து மறுபடம் எடுக்கக் கொண்டுவந்தார்கள். மார்கழி மாத மழை. நானும் கணவருமாக ரீச்சரைத் தூக்கி மேசையில் கிடத்தினோம். போர்வையை விலக்கி, கால்களை நேராக வைத்தேன். ரீச்சர் முகத்தைச் சுளித்தார். கணவர் என்னைப் பார்த்தார்; நான் அவரைப் பார்த்தேன். ரீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது: "என்னண்ணை, உந்த மேசை என்ரை காலுக்கு இப்பிடிக் குளிருது!"

துவக்குகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் பிழைத்து எழும்பினவர்களின் உடம்பிலிருந்துதான் என்பதால், என் நிபுணத்துவத்தைக் கொஞ்சம் கழித்தே நம்புங்கள்.