தலைகீழ்த் தோட்டத்துக்கு வந்த கரைச்சல்

“அம்மா, ஐஸுக்கு ஆர் கரைச்சல் குடுக்கிறது?”

ஐந்து வயது மகள் இப்படிக் கேட்டாள். பிழை என்னுடையதுதான். “ஆர்க்டிக்கில ஐஸ் கரையுது பிள்ளை” என்று சொன்னவள் நான். எங்கள் வீட்டில் கரைச்சல் என்றால் தொந்தரவு. ‘அப்பா வேலையால வந்து படுக்கிறார், கரைச்சல் குடுக்காதை’ என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். அன்று ‘உருகுது’ என்று சொல்லியிருக்கலாம். அதையே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விலங்கைப் பற்றி இரண்டு நிமிடம் பிரெஞ்சில் பேச வேண்டும். இவளுக்கு வந்தது பனிக்கரடி. நான் நூலகத்தில் நாலு புத்தகம் எடுத்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோலக் குறிப்பெடுத்தேன்.

“இஞ்சரும், பேசப்போறது பிள்ளையோ நீரோ?” என்றார் கணவர். அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை.

படிக்கப் படிக்க, கரடியைவிடக் கடல் ஐஸின் அடிப்பக்கம்தான் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. அங்கே பாசி வளர்கிறது. வசந்தத்தில் வெளிச்சம் ஐஸைத் தாண்டி இறங்கும்போது அடிப்பக்கம் பச்சையாகிறது. பாசியைக் கூனி இறால் போன்ற சிற்றுயிர்கள் மேய்கின்றன. அவற்றை மீன் தின்கிறது, மீனைச் சீல் என்ற கடல்நாய் தின்கிறது. சீல் மூச்சுவிட வரும் ஓட்டையருகே கரடி அசையாமல் காத்திருக்கிறது.

“தோட்டம் தலைகீழா இருக்கு!” என்று மகள் மேசைக்கு அடியில் படுத்து மேலே பார்த்தாள். நானும் படுத்துப் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தில் மெலிந்த கரடி ஒன்று கரையில் நின்றது. ஐஸ் பிந்தி உறைந்து முந்திக் கரைகிறதாம். ஐஸ் இல்லாவிட்டால் தோட்டமும் இல்லையாம். செத்த எறும்புக்கே அழுகிற பிள்ளை இவள். அந்தப் பக்கத்தை உடுப்புக் கிளிப்பால் பூட்டி வைத்தேன். பிறகு, ஒளித்துவைக்க மனம் கேட்கவில்லை. ஐஸ் கரையுது என்ற அந்த ஒரு வசனம் மட்டும் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. “பேந்து சொல்லுறன்” என்று தப்பினேன்.

வகுப்பில் காட்டுவதற்காக, கேக் தட்டில் தண்ணீர் விட்டு, அடியில் பாசிக்குப் பதிலாகப் பசளிக் கீரையை நறுக்கிப் போட்டு, பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்படியில் இரவுக் குளிரில் வைத்தோம். விடிய அருமையாக உறைந்திருந்தது. ஆனால் தட்டை விட்டு வரவில்லை. கணவர் தலைமயிர் காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து சூடு பிடித்தார்.

“அப்பா! ஐஸுக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ!”

அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். “ஐயோ, பிடிபட்டிட்டன்!” மூன்று பேரும் சமையலறைத் தரையில் இருந்து சிரித்தோம். ஐஸ் அதற்குள் தானாகக் கழன்றுவிட்டது.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றதால் வகுப்பின் பின்வரிசையில் நானும் இருந்தேன். அவள் பயப்படவேயில்லை. கையுறை போட்டு ஐஸைத் தூக்கி, பச்சைப் பக்கத்தைக் காட்டினாள். தண்ணீர் சொட்டியது. “ஐஸை யாரோ தொந்தரவு செய்கிறார்கள்” என்றாள் பிரெஞ்சில்.

“யார்?” என்று ஆசிரியை கேட்டார்.

“ஹீட்டர்!” “கார்!” “விமானம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

விமானம் என்றதும் மகளின் முகம் மலர்ந்தது. “என் அப்பாதான் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர்!” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வகுப்பே கோட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸை முற்றத்துப் பனியில் கொண்டுபோய் வைத்தது. அவ்வளவு ஆரவாரமான ஊர்வலத்தை நான் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

அப்பா பெட்டி ஏற்றும் விமானமும் ஐஸைக் கரைக்கிறது என்று அவள் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை. வானத்தில் விமானம் போனால் “அப்பான்ர பெட்டி போகுது!” என்று துள்ளுகிறாள். ஒரு நாள் சேர்த்துப் பார்ப்பாள். நான் முந்திச் சொல்ல வேண்டுமா? கணவரிடம் கேட்டேன்.

“சொல்லும். ஆனா நான் வேலைக்கு வெளிக்கிட்டாப் பிறகு சொல்லும்” என்றார்.

உங்களில் யாராவது, அப்பாவின் வேலையில் பிள்ளைக்கு இருக்கும் பெருமை கெடாமல் இப்படியொரு உண்மையைச் சொல்லியிருக்கிறீர்களா? எந்த வயதில், என்ன சொற்களில் சொன்னீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.