ஐந்து நாள் மாத்திரை

பெயிண்டருக்கு முதல் தடவை மூச்சு இழுத்தபோது வயது முப்பத்தெட்டு. லாரிகளுக்கு ஸ்பிரே அடிக்கும் பட்டறையில் பதினெட்டு வருஷ வேலை. மூக்குக்குப் பாதுகாப்பு ஒரு கைக்குட்டைதான். டாக்டர் இன்ஹேலரும், ஐந்து நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சத் தெரியாமல் வாய் கசந்ததுதான் மிச்சம். மாத்திரையோ இரண்டாம் நாளே நெஞ்சைத் திறந்துவிட்டது.

ஐந்து நாள் முடிந்தும் அவர் விடவில்லை. அதே சீட்டைக் காட்டி வாங்கினார். போகப் போக மருந்துக்கடைக்காரர் சீட்டையும் கேட்பதில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

முகம் உருண்டு திரண்டது. "மாமியார் வீட்டுச் சாப்பாடா?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். ஆனால் கைகால் சூம்பியது. லேசாக இடித்தாலே தோல் கன்றியது. சர்க்கரை வந்தது. இடுப்பில் விடாத வலி வேறு.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆயா. அங்கே ஒரு டீச்சர், அவள் கொண்டுபோய்க் காட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "இது ஆளையே தின்னுடும்மா" என்றார். அன்று மாலையே மனைவி வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் குப்பையில் கொட்டினாள்.

"என்ன பண்ணிட்டே?"

"இனிமே அதைத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவருக்கும் உள்ளூர பயம்தான். சரி என்றார்.

மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. நான்காம் நாள் குளியலறை வாசலில் விழுந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டபின், டாக்டரம்மா மனைவியை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த மாத்திரையில இருக்கிற மாதிரி ஒண்ணை நம்ம உடம்பே தினமும் சுரக்கும்மா. வருஷக்கணக்கா வெளியே இருந்து கொடுத்தா, சுரக்கிறதையே மறந்துடும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நாங்க சொல்ற கணக்குல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அப்போ நான்தான் அவரை..."

"அஞ்சு நாள் மருந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதை யாரும் கேக்கலையேம்மா."

உயிர் மிஞ்சியது. ஆனால் இரண்டு வருஷ மாத்திரையில் இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் செத்து நொறுங்கியிருந்தது. சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் முடியாது என்றார்கள். மாத்திரையை மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். இன்ஹேலர் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். மூச்சு சீராகிவிட்டது, நடக்கத்தான் முடியவில்லை. பட்டறையில் வேறு ஆள் வந்தாயிற்று.

மனைவி வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீர் டம்ளருமாக வந்து நிற்பாள். அவர் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

"நீ தூக்கிப் போடலைன்னா நான் இன்னும் தின்னுட்டேதான் இருந்திருப்பேன்" என்றார் ஒருநாள்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.